எதிர்ப்பக்கம் போய் நின்று பார்த்தவர் – ஹென்ரிக் இப்சன்



ஆண்டு மலர் என்றால் விஞ்ஞானி, தலைவர், விளையாட்டு வீரர் என்று யாராவது ஒருவருடைய வாழ்க்கை வரலாறு கட்டாயம் இருக்கும். இந்த முறை நான் ஒரு நாடகக்காரரைப் பற்றி எழுதுகிறேன். சிவில் படிக்கிற பையனுக்கு நாடகத்தோடு என்னடா வேலை என்று மெக்கானிக்கல் நண்பர்கள் கேட்கலாம். வேலை இருக்கிறது! இவர் எழுதிய ஒரு நாடகத்தின் கதையே, ஒரு ஊரில் தண்ணீர்க் குழாயைத் தப்பான இடத்தில் பதித்துவிட்டார்கள் என்பதுதான். நம்ம சிலபஸ்!

அவர் பெயர் ஹென்ரிக் இப்சன். நார்வே நாட்டுக்காரர். இறந்து நூறு வருடத்துக்கு மேல் ஆகிறது. இன்றைக்கும் உலகத்தில் அதிகமாக மேடையேறும் நாடகாசிரியர்களில் அவரும் ஒருவர். ஆனால் அவரை நான் தேர்ந்தெடுத்ததற்குக் காரணம் அந்தப் புகழ் இல்லை. ஒரு நாடகத்தில் ஒரு பக்கம் நின்று பேசிவிட்டு, அடுத்த நாடகத்தில் அதற்கு எதிர்ப்பக்கம் போய் நின்று பார்க்கிற தைரியம் அவருக்கு இருந்தது. ஊர் தன்னைப் பார்த்துச் சிரிக்குமே என்று அவர் கவலைப்படவில்லை. அந்தக் குணத்தைத்தான் இங்கே சொல்ல வருகிறேன்.

கடனில் மூழ்கிய வீடு

இப்சன் 1828ஆம் ஆண்டு மார்ச் 20ஆம் தேதி, மரவியாபாரம் நடக்கும் ஷீன் என்ற துறைமுக ஊரில் பிறந்தார். அப்பா வசதியான வியாபாரி. வீட்டில் விருந்தும் கொண்டாட்டமும் குறையாது. இப்சனுக்கு ஏழு வயது இருக்கும்போது வியாபாரம் நொடித்துப் போனது. ஊர் வீட்டை விட்டுவிட்டு, வெளியே இருந்த ஒரு பண்ணை வீட்டுக்குக் குடிபோக வேண்டி வந்தது. வாழ்ந்து கெட்ட குடும்பத்தை ஊர் எப்படிப் பார்க்கும் என்று நமக்குத் தெரியாதா? பிற்காலத்தில் அவர் எழுதிய நாடகங்களில் கடன், பத்திரம், திவால் என்று திரும்பத் திரும்ப வருவது சும்மா இல்லை.

மேலே படிக்க வைக்கப் பணம் இல்லை. பதினைந்து வயது முடிந்ததும் கிரிம்ஸ்டாட் என்ற ஊரில் ஒரு மருந்துக் கடையில் எடுபிடியாகச் சேர்த்துவிட்டார்கள். ஆயிரம் பேர்கூட இல்லாத சின்ன ஊர் அது. பகலில் மருந்து இடித்து, கலந்து, பொட்டலம் மடிக்க வேண்டும். ராத்திரி எல்லோரும் தூங்கின பிறகு படிப்பு. டாக்டராக வேண்டும் என்பது ஆசை.

அங்கே இருந்தபோதுதான் 1846ல், அந்த வீட்டில் வேலை செய்த ஒரு பெண்ணுக்கு அவர் மூலம் ஒரு ஆண் குழந்தை பிறந்தது. அவருக்கு அப்போது பதினெட்டு வயது. நம்ம வயசு! குழந்தையின் செலவுக்கு பதினான்கு வருடம் பணம் கட்டினார். ஆனால் தகப்பனாக அந்தப் பிள்ளையோடு அவர் வாழவில்லை. பெரிய மனிதர்களைப் பற்றி எழுதும்போது இதையெல்லாம் மறைத்துவிடுவது வழக்கம். நான் மறைக்க விரும்பவில்லை. ஏனென்றால், தகப்பன் பெயர் சொல்ல முடியாத பிள்ளைகள் அவருடைய நாடகங்களில் பிறகு வந்துகொண்டே இருக்கிறார்கள்.

பரீட்சையில் பெயில், நாடகத்தில் ஆரம்பம்

பல்கலைக்கழக நுழைவுத் தேர்வுக்கு லத்தீன் பாடம் உண்டு. அதில் கேட்டிலைன் என்ற ரோமானியனின் கதை வரும். நாட்டுக்கு எதிராகச் சதி செய்தவன், கெட்டவன் என்று பாடப் புத்தகம் அவனைத் திட்டித் தீர்க்கிறது. எல்லோரும் மனப்பாடம் செய்து எழுதிவிட்டுப் போவார்கள். இப்சனுக்கு மட்டும் ஒரு சந்தேகம். இந்தக் கதையைச் சொன்னவர்கள் எல்லோரும் அவனுடைய எதிரிகள் ஆயிற்றே, அவன் பக்கத்து நியாயத்தை யார் எழுதினார்கள்? உடனே அவனையே கதாநாயகனாக வைத்து ஒரு நாடகம் எழுதிவிட்டார். அதுதான் அவருடைய முதல் நாடகம், ‘கேட்டிலைன்’. 1850ல் புனைபெயரில் வெளிவந்தது. அச்சுச் செலவைக் கொடுத்தது ஒரு நண்பர். 250 பிரதி போட்டார்கள். கொஞ்சம்தான் விற்றது.

அதே 1850ல் தலைநகரம் கிறிஸ்தியானியாவுக்கு (இன்றைய ஓஸ்லோ) போய் நுழைவுத் தேர்வு எழுதினார். கிரேக்க மொழியிலும் கணக்கிலும் பெயில்! அரியர் வைத்திருக்கும் நண்பர்கள் இந்த வரியை இரண்டு தடவை படித்துக்கொள்ளலாம். டாக்டர் கனவு அதோடு போயிற்று. நாடகம் ஒட்டிக்கொண்டது.

1851ல் பெர்கன் நகரத்து நாடக அரங்கில் வேலை கிடைத்தது. ஆறு வருடம் அங்கே இருந்தார். நூற்றுக்கும் மேலான நாடகங்களை மேடையேற்றும் வேலையில் கை வைத்தார். யார் எந்தக் கதவு வழியாக வர வேண்டும், விளக்கு எங்கே இருக்க வேண்டும், ஒருவர் பேசும்போது மற்றவர் எங்கே நிற்க வேண்டும் என்பதெல்லாம் அங்கே பழகியதுதான். நமக்கு ஒர்க்‌ஷாப் பிராக்டிகல் மாதிரி அவருக்கு பெர்கன்.

1857ல் கிறிஸ்தியானியாவில் இருந்த ஒரு அரங்கின் பொறுப்பு கிடைத்தது. 1858ல் சூசன்னா என்ற பெண்ணை மணந்தார். மறு வருடம் மகன் பிறந்தான். 1862ல் அந்த அரங்கு திவால். அப்பாவுக்கு நடந்தது மகனுக்கும் நடந்தது. கடன் கழுத்தை நெரிக்க, 1864ல் ஊரை விட்டே கிளம்பி இத்தாலிக்குப் போனார். ரோம், டிரெஸ்டன், மியூனிக் என்று 27 வருடம் வெளிநாட்டில்தான் குடும்பம். ஆனால் எழுதியது முழுக்க நார்வே மனிதர்களைப் பற்றித்தான். 1866ல் வந்த ‘பிராண்ட்’ அவருக்குப் பெயரும், அரசாங்கத்தின் வருடாந்தர உதவித் தொகையும் வாங்கிக் கொடுத்தது. மறு வருடம் ‘பீர் கின்ட்’.

கதவைச் சாத்திவிட்டுப் போனவளும், போகாதவளும்

உலகம் முழுக்க அவரைத் தெரிய வைத்தது 1879 டிசம்பரில் வந்த ‘பொம்மை வீடு’. நோரா என்ற மனைவி, புருஷன் உயிரைக் காப்பாற்ற ரகசியமாகக் கடன் வாங்குகிறாள். அந்த நாட்டில் அன்றைக்கு மனைவி தானாகக் கடன் வாங்க முடியாது. அதனால் அப்பா கையெழுத்தைத் தானே போட்டுவிடுகிறாள். விஷயம் வெளியே வந்ததும் புருஷன் நன்றி சொல்லவில்லை. தன் மானம் போயிற்றே என்று குதிக்கிறான். ஆபத்து விலகியதும் பழையபடி செல்லம் கொஞ்ச வருகிறான். நோரா உட்கார்ந்து நிதானமாகப் பேசிவிட்டு, மூன்று குழந்தைகளையும் விட்டுவிட்டு, கதவைச் சாத்திக்கொண்டு வெளியே போய்விடுகிறாள்.

முதல் பதிப்பு 8,000 பிரதி ஒரே மாதத்தில் தீர்ந்தது. வீடு வீடாகச் சண்டை. ஜெர்மனியில் ஒரு நடிகை, தாய் பிள்ளைகளை விட்டுப் போவதாக நடிக்கவே மாட்டேன் என்று மறுத்தார். அந்த நாட்டில் தன் நாடகத்துக்குச் சட்டப் பாதுகாப்பு இல்லாததால், வேறு யாராவது கெடுப்பதற்கு முன்னால் என்று இப்சனே மனசில்லாமல் முடிவை மாற்றி எழுதிக் கொடுத்தார். அந்த முடிவு நிற்கவில்லை. இன்று உலகம் நடிப்பது கதவு சாத்தும் முடிவைத்தான். 1884ல், கல்யாணமான பெண்களுக்குத் தனிச் சொத்துரிமை வேண்டும் என்ற மனுவில் இப்சனும் கையெழுத்துப் போட்டார். 1888ல் நார்வேயில் அந்தச் சட்டம் வந்தது.

இன்னொரு ஆளாக இருந்தால் இதே மாதிரி நாலு நாடகம் எழுதிக் கைத்தட்டல் வாங்கியிருப்பார். இப்சன் என்ன செய்தார் தெரியுமா? நோரா போனது தப்பு என்று கத்தினவர்கள் சொன்னபடியே ஒருத்தி போகாமல் இருந்தால் என்ன ஆகும் என்று யோசித்தார். 1881ல் ‘ஆவிகள்’ வந்தது. அதில் திருமதி ஆல்விங், பாதிரியார் சொல் கேட்டு, கெட்டுப்போன புருஷனோடேயே வாழ்ந்து, அவன் மானத்தைக் கடைசிவரை காப்பாற்றுகிறாள். கிடைத்த பலன், தகப்பன் வழியாக வந்த தீராத நோயோடு வீடு திரும்பும் மகன். இந்தப் புத்தகத்தைக் கடைக்காரர்களே திருப்பி அனுப்பினார்கள். 10,000 பிரதி விற்றுத் தீரப் பல வருடம் ஆனது. சொந்த நாட்டு அரங்குகள் முகத்தைத் திருப்பிக்கொண்டதால், 1882ல் முதன்முதலாக அமெரிக்காவில் சிகாகோ நகரத்தில்தான் மேடையேறியது.

அப்புறம் 1888ல் ‘கடலிலிருந்து வந்த சீமாட்டி’. இதில் வரும் புருஷன், போக வேண்டுமானால் போ, முடிவு உன்னுடையது என்று மனைவிக்கு முழு விடுதலை கொடுக்கிறான். அந்த விடுதலை கையில் வந்ததும் அவள் தானாகவே இருந்துவிடுகிறாள். பார்த்தீர்களா? கேள்வி ஒன்றுதான். போகிறவள், போகாதவள், போகலாம் என்றதும் இருக்கிறவள் என்று மூன்று பெண்களை நிறுத்திப் பார்த்திருக்கிறார்.

குழாயும் கூட்டமும்

இப்போது நம்ம குழாய்க் கதைக்கு வருகிறேன். 1882ல் வந்த ‘மக்கள் விரோதி’. ஒரு சின்ன ஊர். நோயாளிகள் குளித்துக் குணமடைய வரும் குளியல் நிலையம்தான் ஊருக்கே வருமானம். அங்கே டாக்டர் ஸ்டாக்மன். முந்தின வருடம் வந்தவர்களில் சிலருக்குக் காய்ச்சல் கண்டதால் சந்தேகப்பட்டு, தண்ணீரைப் பல்கலைக்கழகத்துக்கு அனுப்பிப் பரிசோதிக்கிறார். தண்ணீரில் கிருமி! மேலே இருக்கும் தோல் பதனிடும் தொழிற்சாலைகளின் கழிவு, தாழ்வாகப் பதித்த குழாயில் கலக்கிறது. உயரமான இடத்திலிருந்து தண்ணீர் எடுக்க வேண்டும் என்று டாக்டர் ஆரம்பத்திலேயே சொன்னதை யாரும் கேட்கவில்லை.

ஊர் தன்னைத் தூக்கி வைத்துக் கொண்டாடும் என்று டாக்டர் நினைக்கிறார். நகரத் தலைவர் வேறு யாருமில்லை, அவருடைய சொந்த அண்ணன். குழாயை மாற்ற இரண்டு மூன்று லட்சம் குரோனர் செலவு, இரண்டு வருடம் நிலையத்தை மூட வேண்டும், பணம் வரியாக உங்கள் தலையில்தான் விழும் என்று அவர் எடுத்துச் சொன்னதும், பத்திரிகைக்காரர், அச்சகத்துக்காரர், வீட்டுக்காரர்கள் எல்லோரும் ஒவ்வொருவராகக் கட்சி மாறுகிறார்கள். கடைசியில் பொதுக்கூட்டம் போட்டு டாக்டரை மக்கள் விரோதி என்று அறிவிக்கிறார்கள். ஜன்னல் கண்ணாடி உடைகிறது. டீச்சராக இருந்த மகளுக்கு வேலை போகிறது.

படிக்கப் படிக்க நான் டாக்டர் பக்கம்தான் நின்றேன். ஆனால் அந்தக் கூட்டத்தில் அவர் பேசும் பேச்சு இருக்கிறதே! பெரும்பான்மை எப்போதும் தப்பாகத்தான் இருக்கும் என்கிறார். படிக்காத ஜனங்களைத் தெருநாய்க்கும், மேல்தட்டு ஆட்களை வளர்ப்பு நாய்க்கும் ஒப்பிடுகிறார். அந்த இடத்தில் எனக்குக் கோபம் வந்தது.

காரணம் உண்டு. எங்கள் ஊர் பாலாற்றங்கரை. தாத்தா டேனரியில் கூலி. அப்பாவும் அதே வேலை. எங்க வீட்டில் பத்தாவது தாண்டின முதல் ஆள் நான்தான். இந்தக் கல்லூரிக்குக் கட்டிய பீஸ், டேனரிக் கூலியில் சேர்த்த காசு. அதே நேரம், எங்க ஊர்க் கிணற்றுத் தண்ணீரை வாயில் வைக்க முடியாது. பாட்டி காலத்திலிருந்தே குடத்தைத் தூக்கிக்கொண்டு தூரமாகப் போய்த்தான் நல்ல தண்ணீர் எடுக்கிறோம். ஆக, டாக்டரின் ரிப்போர்ட்டும் சரி என்று எங்க வீட்டுக்குத் தெரியும். டேனரி மூடினால் சோறு இல்லை என்பதும் எங்க வீட்டுக்குத் தெரியும்.

1996 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம், தமிழ்நாட்டுத் தோல் தொழிற்சாலைகள் பற்றி ஒரு பெரிய தீர்ப்பு கொடுத்தது. சுத்திகரிப்பு ஏற்பாடு செய்யாத தொழிற்சாலைகளை மூட வேண்டும், ஐந்து மாவட்டங்களில் உள்ள தொழிற்சாலைகள் ஆளுக்கு 10,000 ரூபாய் அபராதம் கட்ட வேண்டும், மாசு செய்தவரே அதைச் சரி செய்யும் செலவையும் ஏற்க வேண்டும் என்றது. நல்ல தீர்ப்பு. அந்தச் சமயத்தில் சனிக்கிழமைக் கூலி வருமா வராதா என்று ராத்திரியெல்லாம் தூங்காமல் கிடந்ததை எங்க தாத்தா இன்னும் சொல்வார். அவர் தண்ணீர் கெட்டுப் போகட்டும் என்று நினைத்தவர் இல்லை. அவரை யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை, அவ்வளவுதான். இப்சன் நாடகத்திலும் பாருங்கள், டேனரித் தொழிலாளி என்று சொல்லி ஒருவர்கூட மேடைக்கு வந்து வாய் திறப்பதில்லை.

காட்டு வாத்து

நல்லவேளை, இப்சன் அங்கேயே நின்றுவிடவில்லை. உண்மைக்காக ஊரையே எதிர்த்த டாக்டரைப் படைத்து இரண்டே வருடத்தில், 1884ல், ‘காட்டு வாத்து’ எழுதினார். இதிலும் உண்மை பேசியே தீருவேன் என்று ஒருவன் வருகிறான். பெயர் கிரெகர்ஸ். பணக்கார வீட்டுப் பிள்ளை. நண்பனின் ஏழை வீட்டுக்குள் புகுந்து, அவன் மனைவியைப் பற்றிய பழைய ரகசியத்தைப் போட்டு உடைக்கிறான். உண்மை தெரிந்தால் குடும்பம் புனிதமாகிவிடும் என்பது அவன் நினைப்பு. நடந்தது வேறு. இவள் என் மகள்தானா என்று தகப்பன் சந்தேகப்பட்டு விலக்குகிறான். பதினாலு வயசுப் பெண் ஹெட்விக், பரண் மேல் தான் ஆசையாக வளர்த்த காட்டு வாத்தைப் பலி கொடுத்து அப்பாவின் அன்பைத் திரும்பப் பெறலாம் என்று துப்பாக்கியை எடுத்துக்கொண்டு போகிறாள். குண்டு பாய்ந்தது அவள் நெஞ்சில்.

அந்த வீட்டில் போட்டோ ஸ்டுடியோ வேலையை உண்மையில் பார்த்துக் குடும்பத்தை நடத்துவது ஜீனா என்ற அந்த மனைவிதான். அதிகம் படிக்காதவள். கிரெகர்ஸ் வாயால் பெரிய பெரிய லட்சியம் பேசும்போது, அவள் அடுப்பையும் வாடகையையும் பார்த்துக்கொண்டிருக்கிறாள். ‘மக்கள் விரோதி’யில் எங்க தாத்தாவுக்குக் கிடைக்காத இடம், இதில் ஜீனாவுக்குக் கிடைத்திருக்கிறது என்று எனக்குப் பட்டது. அதற்காக உண்மையே வேண்டாம் என்று இப்சன் சொல்லிவிட்டதாக அர்த்தமில்லை. உண்மையைச் சொல்கிறவனுக்கு என்ன விலை என்று முதல் நாடகம் காட்டியது. அதைக் கேட்கிறவர்கள் என்ன விலை கொடுக்கிறார்கள் என்று இரண்டாவது நாடகம் காட்டியது. இரண்டையும் எழுதியது ஒரே கை!

கைமாறிய நாடகம்

1877லிருந்து 1899 வரை, அநேகமாக இரண்டு வருடத்துக்கு ஒன்று என்று 12 நாடகங்கள் எழுதினார். 1891ல் தாய்நாடு திரும்பினார். கடன்காரனாகப் போனவர், உலகமே பார்க்க வரும் மனிதராக வந்தார். 1900லும் 1901லும் பக்கவாதம் தாக்கி எழுதும் கை நின்றுபோனது. 1906 மே 23ஆம் தேதி கிறிஸ்தியானியாவில் காலமானார். அரசு மரியாதையோடு அடக்கம் செய்தார்கள்.

அவர் போன பிறகும் அவர் நாடகங்கள் பக்கம் மாறிக்கொண்டே இருக்கின்றன. அவர் உயிரோடு இருக்கும்போதே 1901ல் ஒரு சம்பவம் நடந்தது. ரஷ்யாவில் பீட்டர்ஸ்பர்க் நகரத்தில் ஊர்வலம் போன மாணவர்களை அடித்து நொறுக்கிய அன்றைக்கு ராத்திரி, அங்கே ‘மக்கள் விரோதி’ நடந்தது. டாக்டராக நடித்தவர் புகழ்பெற்ற ஸ்டானிஸ்லாவ்ஸ்கி. ஜனங்கள் அந்த டாக்டரைத் தங்கள் ஆளாகவே எடுத்துக்கொண்டு மேடைக்கே ஓடி வந்தார்கள். கூட்டத்தைத் திட்டின நாடகத்தைக் கூட்டமே சொந்தமாக்கிக்கொண்டது! நம் நாட்டில் சத்யஜித் ராய் 1989ல் இதையே ‘கணசத்ரு’ என்று வங்காளப் படமாக எடுத்தார். குளியல் நிலையம் அங்கே கோயில் தீர்த்தமாக மாறியது. ராய் முடிவையும் மாற்றினார். டாக்டர் தனியாக நிற்கவில்லை. வாசலில் இளைஞர்கள் அவருக்கு ஆதரவாகக் கோஷம் போடும் சத்தம் கேட்கிறது.

நண்பர்களே! இப்சன் நாடகத்தின் முடிவில் ஸ்டாக்மன் ஊரை விட்டு ஓடவில்லை. ஒரு பள்ளிக்கூடம் ஆரம்பிக்கப் போகிறேன், படிக்க வசதியில்லாத தெருப்பையன்களைக் கூட்டி வாருங்கள் என்று பிள்ளைகளிடம் சொல்கிறார். தெருநாய் என்று திட்டின வாய்தான் அதையும் சொல்கிறது. அந்தப் பையன்கள் வளர்ந்து என்ன ஆனார்கள் என்று இப்சன் எழுதவில்லை. எழுதியிருந்தால் அவர்களில் ஒருத்தன் நம்மைப் போல டிப்ளமோ படித்திருப்பான் என்று நான் நினைத்துக்கொள்கிறேன். லெவல் பார்க்கவும், குழாய் போடவும், தண்ணீரைச் சோதிக்கவும் அவனுக்குத் தெரியும். கூலி நின்றால் வீட்டில் என்ன நடக்கும் என்பதும் தெரியும்.

நாளைக்கு நமக்கும் வேலை கிடைக்கும். ஒரு தண்ணீர் சாம்பிளோ, ஒரு பாலமோ, ஒரு பழைய பாய்லரோ நம் கையெழுத்துக்காக வரும். தப்பு இருந்தால் தப்பு என்று எழுத வேண்டும். அதில் பயமோ தயவோ கூடாது. ஆனால் அதோடு பேனாவை மூடிவிடாமல், இதைச் சரி செய்ய எத்தனை நாளாகும், அதுவரை அங்கே வேலை செய்கிறவர்கள் கதி என்ன, செலவு யாருடையது என்று இன்னொரு தாளும் எழுதுவோம். அந்த ரெண்டாவது தாளை எழுத, படிக்காத வீட்டிலிருந்து வந்த நம்மைவிடப் பொருத்தமான ஆள் யார் இருக்கிறார்கள்?

– இரண்டாம் ஆண்டு, சிவில் பிரிவு மாணவன்